பதினொரு மணிக்கு வர அனுமதி உண்டா?

கேள்வி:

மதிப்பிற்குரிய ஐயா, காரைக்குடிக்கு அருகிலுள்ள ஒரு பேரூராட்சி அலுவலகத்தில் ஒன்பது ஆண்டுகளாக இளநிலை உதவியாளராகப் பணிபுரிகிறேன். சொத்து வரிப் பெயர் மாற்றம், குடிநீர் இணைப்பு விண்ணப்பங்கள், தபால் பதிவு ஆகியவை என் இருக்கைக்கு உரியவை. கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். ஏழு மாதங்களுக்கு முன் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து இடப்பக்கம் செயலிழந்துவிட்டது. திங்கள், புதன், வெள்ளி காலை ஒன்பதரை மணிக்கு பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருகிறார்; அவர் பயிற்சி கொடுக்கும்போது மாமியாரைத் தாங்கிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். பகல் துணைக்கு வரும் அம்மாள் எட்டு மணிக்கே வந்துவிடுகிறார் என்றாலும், அவருக்கே அறுபது வயது கடந்துவிட்டது. தாங்கிப் பிடிக்கப் பலமில்லை. எல்லாம் முடிந்து நான் அலுவலகம் சேரப் பதினொரு மணி ஆகிறது. வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே சிவப்பு மைதான். தற்செயல் விடுப்பும் தீர்ந்துவிட்டது.

அந்த மூன்று நாளும் பதினொன்றுக்கு வந்து மாலை ஆறே முக்கால் வரை இருக்கிறேன், வாரத்தில் ஒரு நாள் கணினி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறேன் என்று செயல் அலுவலரிடம் கேட்டேன். "விதியில இடமில்லம்மா, உங்களுக்குக் கொடுத்தா எல்லாரும் கேப்பாங்க" என்று சொல்லிவிட்டார். மதுரையில் ஐ.டி. நிறுவனத்தில் இருக்கும் என் தங்கைக்கு வாரம் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை. மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இதற்கு வழி இருப்பதாகத் தோழி ஒருவர் சொல்கிறார். உண்மையா? நான் எப்படிக் கேட்க வேண்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் செயல் அலுவலர் சொன்னதில் பாதி சரி. நெகிழ்வான பணி நேரத்தை உரிமையாகக் கேட்டுப் பெறுவதற்கு, நம் மாநில உள்ளாட்சி ஊழியருக்கென்று தனி விதி இல்லை. தோழி சொன்ன 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நல்ல சட்டம்தான். அதன் 20ஆவது பிரிவு, உடற்குறையுள்ள ஊழியருக்கு வேண்டிய நியாயமான வசதிகளை ஒவ்வோர் அரசு நிறுவனமும் செய்து தர வேண்டும் என்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு ஊழியருக்கு உரியது, ஊழியர் வீட்டில் பராமரிக்கும் மாமியாருக்கு உரியதல்ல. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் வீட்டிலிருந்து வேலை செய்வதைப் பற்றிப் பேசுகிறது. அதுவும் பிரசவ விடுப்பு முடிந்து திரும்பும் தாய்க்கு, வேலையின் தன்மை இடம் கொடுத்து, வேலை தருபவரும் ஒப்புக்கொண்டால் மட்டுமே. இந்த இரண்டு சட்டங்களையும் மனுவில் எழுதாதீர்கள். பொருந்தாத சட்டத்தைக் காட்டிய மனு, அந்த ஒரு காரணத்துக்காகவே திரும்பி வரும்.

நம் விடுப்பு விதிகளின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் மகளிர் ஊழியருக்கு 2021 ஜூலை முதல் பன்னிரண்டு மாதப் பிரசவ விடுப்பு உண்டு; இந்தியாவிலேயே தாராளமான ஏற்பாடுகளில் அது ஒன்று. ஈட்டிய விடுப்பு, மருத்துவ விடுப்பு, ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு என்று வரிசையாக இருக்கின்றன. ஆனால் இவையெல்லாம் ஊழியர் ஒன்று வந்திருக்கிறார், இல்லை வரவில்லை என்ற இரண்டு நிலைகளை மட்டுமே அறிந்தவை. ஓர் ஆண்டு முழுக்க வராமல் இருக்க வழி வைத்த விதி, வாரத்தில் மூன்று நாள் ஒரு மணி நேரம் தள்ளி வந்து, அதே மூன்று மணி நேரத்தை வேறு பொழுதில் ஈடுகட்ட வழி வைக்கவில்லை. மாதத்தில் ஓரிரு முறை கிடைக்கும் ஒரு மணி நேர அனுமதி, குழந்தையின் பள்ளிக் கூட்டத்துக்குப் போதும். பக்கவாதம் வந்தவரின் பயிற்சிக்குப் போதாது.

"எல்லாரும் கேப்பாங்க" என்ற மறுபாதியில்தான் எனக்கு உடன்பாடில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் உள்ளாட்சித் துறையில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன், பேரூராட்சி அலுவலகம் ஒருநாளும் ஒரே கடிகாரத்தில் ஓடியதில்லை. தூய்மைப் பணியாளர் விடியும் முன்பே வருகைப் பதிவுக்காக மஸ்டரில் நிற்கிறார். குடிநீர் மோட்டாரைப் போடுபவர், மின்சாரம் வரும் நேரத்துக்கு எழுந்து போகிறார். வரித் தண்டலர், வீட்டுக்காரர் குளித்துக் கிளம்பும் முன் பிடிக்க வேண்டும் என்று காலையிலேயே தெருவில் இருக்கிறார். பக்கத்து ஊராட்சிச் செயலரைக் கேளுங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று கிராம சபை கூடும் ஆறு நாட்களில் பெரும்பாலானவை ஊருக்கெல்லாம் விடுமுறை, அவருக்கு வேலை நாள். அலுவலகத்தின் வசதிக்காக ஊழியரின் நேரம் வளைவது புதிதல்ல என்னும்போது, ஊழியரின் தேவைக்காக அது வளைவதை மட்டும் விதி மீறல் என்பது நியாயமாகாது.

2020 மே மாதத்தை உங்கள் அலுவலகமும் மறந்திருக்காது. கொரோனா ஊரடங்கு தளர்ந்தபோது தமிழக அரசு அலுவலகங்கள் பாதி ஊழியருடன், வாரத்தில் ஆறு நாள், இரண்டு அணிகளாக இயங்கின. ஓர் அணி திங்கள் செவ்வாய் வந்தால் அடுத்த அணி புதன் வியாழன் வந்தது. பணிக்கு வராத நாளில் அழைத்தால் கிடைக்க வேண்டும் என்பது நிபந்தனை. சிரமங்கள் இருந்தன, ஆனால் கோப்புகள் நகர்ந்தன. அது பேரிடர்க் கால ஆணை. இன்றைக்கு அதை உரிமையாகக் காட்ட முடியாது. இப்படியும் இயங்க முடியும் என்பதற்குச் சான்றாக மனுவில் ஒரு வரி எழுதலாம்.

தங்கையின் நிறுவனத்தோடு ஒப்பிடுவதைவிட, வேறொரு நாட்டின் உள்ளாட்சியோடு ஒப்பிடுவது பயன் தரும். பிரிட்டனில், சிறு குழந்தைகளின் பெற்றோர் நெகிழ்வான பணி நேரம் கேட்கலாம் என்று 2003இல் தொடங்கி, 2014இல் அதை எல்லா ஊழியருக்கும் விரித்தார்கள். 2024 ஏப்ரல் 6 முதல் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கேட்கலாம். அங்கேயும் கிடைப்பது கேட்கும் உரிமைதான், பெறும் உரிமை அல்ல. ஆனால் கேட்ட பிறகு நடப்பதில் வேறுபாடு இருக்கிறது. வேலை தருபவர் இரண்டு மாதங்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுக்கும் முன் ஊழியரை அழைத்துப் பேச வேண்டும். சட்டம் பட்டியலிட்ட எட்டுக் காரணங்களில் ஒன்றையாவது காட்ட வேண்டும். கூடுதல் செலவு, பொதுமக்கள் தேவைக்குக் குறை, இருக்கும் ஆட்களிடம் வேலையைப் பிரித்துக் கொடுக்க முடியாமை என்பவை அவற்றுள் சில. "எல்லாரும் கேப்பாங்க" என்பது அந்தப் பட்டியலில் கிடையாது. அதே நாட்டில் தெற்கு கேம்பிரிட்ஜ்ஷயர் மாவட்ட மன்றம் 2023 ஜனவரியில் நான்கு நாள் வாரத்தை மேசை ஊழியரிடம் சோதித்துப் பார்த்து, அந்த ஆண்டு செப்டம்பரில் குப்பை அள்ளும் குழுக்களுக்கும் விரித்து, மத்திய அரசின் கண்டனத்தையும் தாண்டி 2025இல் நிரந்தரமாக்கியது. அந்தச் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாது என்றாலும் அந்த எட்டுக் காரணங்கள் உங்களுக்கு உதவும்: நாளை உங்கள் அலுவலர் என்னென்ன கேட்பாரோ அவற்றில் முக்கால்வாசி அதில் இருக்கிறது. அவர் கேட்கும் முன் பதிலை மனுவிலேயே வைத்துவிடுங்கள்.

மனு என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. அது என் தவறு. வேறொரு மாவட்டத்தில் நான் செயல் அலுவலராக இருந்தபோது, ஒரு வரித் தண்டலர், காலை ஏழு மணிக்கே தெருவுக்குப் போய்விட்டு மூன்று மணிக்குக் கிளம்பிக்கொள்கிறேன், பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர ஆளில்லை என்று கேட்டார். நல்ல வேலைக்காரர். சரி என்று வாயால் சொன்னேன். ஐந்து மாதம் ஒரு குறையும் இல்லை, வசூலும் கூடியது. ஆறாவது மாதம் ஒரு நாள் மாலை நாலு மணிக்கு மேலதிகாரி ஒருவர் திடீர் ஆய்வுக்கு வந்து வருகைப் பதிவேட்டைத் திறந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "இதற்கு ஆணை எங்கே?" என்னிடம் இருந்தது நல்லெண்ணம் மட்டும். விளக்கம் கேட்டு அந்த மனிதருக்கு மெமோ போயிற்று, ஊதிய உயர்வு தள்ளிப்போயிற்று. அனுமதி கொடுத்த எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசிவரை அவர் என்னைக் குறை சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஆகவே உங்கள் அலுவலர் மனம் இளகி, "சரி, வந்துட்டுப் போங்கம்மா, பாத்துக்கலாம்" என்று சொன்னாலும் அதை ஏற்காதீர்கள். வாய்மொழிச் சலுகை முதல் ஆய்வு வரைக்கும்தான் தாங்கும்.

இனி, எப்படிக் கேட்பது என்பதற்கு வருகிறேன். நீங்கள் கேட்ட வடிவத்தில் எனக்கு இரண்டு மறுப்புகள் உண்டு. மாலை ஆறே முக்கால் வரை இருப்பதாகச் சொன்னீர்கள். ஐந்தே முக்காலுக்கு எல்லோரும் போன பிறகு அந்த ஒரு மணி நேரம் சாவி யாரிடம் இருக்கும், உங்களுக்காக யார் காத்திருப்பார், விளக்கை அணைத்துப் பூட்டுவது யார்? இதை நினைத்துத்தான் அவர் முதலில் தயங்கியிருப்பார், வெளியே விதியைச் சொல்லியிருப்பார். வாரத்துக்கு உங்களுக்குக் குறையும் நேரம் மூன்று மணி. அதைச் செவ்வாயும் வியாழனும் காலை எட்டரைக்கே வந்து, ஒன்றரை ஒன்றரையாக ஈடுகட்டுங்கள். துப்புரவு மேற்பார்வையாளர் அதற்கு முன்பே வந்திருப்பார், கதவு திறந்திருக்கும்; துணைக்கு வரும் அம்மாள் எட்டு மணிக்கு வந்துவிடுவதால் வீட்டிலும் தடையில்லை. அதோடு, பத்தரை மணிக்கு மேல் எல்லா ஊர் அலுவலகங்களும் ஒன்றாக இணையதளத்துக்குள் நுழைந்து சர்வர் இழுவையாக இழுக்கும் நேரத்தில் அரை நாள் எடுக்கும் பதிவேற்றம், எட்டரை மணிக்கு எவ்வளவு சுருக்கில் முடிகிறது என்பதை நீங்களே அறிவீர்கள்.

இரண்டாவது மறுப்பு, வீட்டிலிருந்து வேலை. அதை இப்போது விட்டுவிடுங்கள். பெயர் மாற்றக் கோப்பில் மூலப் பத்திரத்தின் நகல், வாரிசுச் சான்று, ஆதார் எல்லாம் இருக்கும். அவற்றை வீட்டுக்கு எடுத்துப்போவது ஊர்க்காரரின் நம்பிக்கையோடு விளையாடுவதாகும். இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வராத நாளில் வேலை நிற்காமல் இருக்கட்டும் என்று பாஸ்வேர்டைப் பக்கத்து இருக்கைக்குச் சொல்லி வைப்பதும், அதிகாரியின் டிஜிட்டல் கையொப்பம் அடங்கிய சிறு கருவியான டாங்கிளை மேசை இழுப்பறையில் பொதுவாகப் போட்டு வைப்பதும் பல அலுவலகங்களில் நடக்கிறது. உங்கள் பெயரில் நடந்த பதிவுக்குப் பொறுப்பு உங்களுடையது. இந்த வழியை யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

மனுவுக்கு வலுவான ஆதாரம் உங்கள் தன்பதிவேடு, அதாவது உங்கள் இருக்கைக்கு வந்த தபால்களையும் அவற்றின் மேல் எடுத்த நடவடிக்கையையும் நீங்கள் எழுதி வைக்கும் பதிவேடு. கடந்த மூன்று மாதப் பக்கங்களைப் புரட்டி, ஒரு வெள்ளைத்தாளில் மூன்று கட்டம் போடுங்கள். பொதுமக்கள் நேரில் வந்ததால் நீங்கள் இருக்கையில் இருந்தே ஆக வேண்டியிருந்தவை ஒரு கட்டம். எந்த நேரத்திலும் முடிக்கக்கூடிய பதிவு, குறிப்பு எழுதுதல், நினைவூட்டுக் கடிதம் ஆகியவை ஒரு கட்டம். தலத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டியவை ஒரு கட்டம். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு கோடு கிழியுங்கள். திங்கள், புதன், வெள்ளியில் பத்து மணிக்கும் பதினொன்றுக்கும் இடையே நேரில் வந்தவர் எத்தனை பேர் என்பதைத் தனியே எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை சிறியதாக இருந்தால் அதுவே உங்கள் வாதம். பெரியதாக இருந்தால், அந்த ஒரு மணி நேரம் வேறொருவர் உங்கள் இருக்கையைப் பார்க்காமல் இந்த ஏற்பாடு நடக்காது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

அந்த வேறொருவருக்கு நம் பகுதியில் பழைய பெயர் ஒன்று உண்டு: அடுத்தாள். பர்மாவிலும் மலாயாவிலும் செட்டியார் கடைகள் நடந்த காலத்தில், கடைப் பொறுப்பில் இருந்த மேலாள் மூன்று ஆண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்புவார். கடை அதற்காகப் பூட்டிக் கிடக்காது. அவருக்கு அடுத்த நிலையில் அடுத்தாளும், அவருக்கும் கீழே வேலை பழகும் பெட்டியடிப் பையனும் கணக்கைக் கற்றபடியே இருந்தார்கள். (அந்த மூன்று ஆண்டும் ஊரில் தனியே வீட்டைச் சுமந்த ஆச்சிகளைக் கேட்டுச் செய்த ஏற்பாடு அல்ல அது என்பதையும் சேர்த்தே நினைக்கிறேன்.) இன்றைய பேரூராட்சியில் ஓர் இருக்கைக்கு ஒருவர்தான், அவர் விடுப்பில் போனால், "அவங்க வந்தாத்தான் தெரியும்" என்ற பதில் ஜன்னலில் நிற்கும். நெகிழ்வான நேரத்துக்கு இருக்கும் பெரிய தடை விதிப் புத்தகத்தைவிட இதுதான் என்பது என் அனுபவம். ஆகவே மனுவோடு ஓர் இணக்கக் கடிதமும் சேருங்கள்: அந்த மூன்று நாள் பத்து முதல் பதினொன்று வரை தபாலைப் பெற்றுக்கொள்ளவும், விண்ணப்பத்துக்கு ஒப்புகை கொடுக்கவும் சக ஊழியர் ஒருவர் சம்மதிக்கிறார், ஈடாகச் செவ்வாய், வியாழன் காலையில் அவருடைய பதிவுகளில் இன்னதை நீங்கள் முடித்துக் கொடுக்கிறீர்கள். அந்தச் சக ஊழியர் ஒப்பந்த அடிப்படையில் இருக்கும் கணினி இயக்குபவராக இருக்கக் கூடாது. உங்களுக்கு இருக்கும் விடுப்பு அவருக்கு இல்லை. மறுக்கும் தைரியமும் அவருக்கு இருக்காது. உங்கள் சுமையை அவர் தலையில் இறக்கிவிட்டு அதற்கு நெகிழ்வு என்று பெயர் வைப்பது சரியல்ல.

கேட்கும் காலமும் முக்கியம். சொத்து வரியை அரையாண்டு தொடங்கிய முப்பது நாளுக்குள் கட்டுவோருக்கு 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு என்பதால், ஏப்ரலிலும் அக்டோபரிலும் ஜன்னலில் கூட்டம் நெரியும். அந்த மாதங்களில் தொடங்க வேண்டாம். மே அல்லது நவம்பர் முதல் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்கு, சோதனை முறையில் என்று கேளுங்கள். முடிவுத் தேதி எழுதப்பட்ட ஏற்பாட்டுக்குக் கையெழுத்துப் போட எந்த அலுவலருக்கும் பயம் குறைவு.

நம் ஊருக்கே உரிய ஒன்றையும் சேர்க்கலாம். உங்கள் பேரூராட்சியில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் எத்தனை என்பது எனக்குத் தெரியாவிட்டாலும், அந்த வீடுகளின் பெயர் மாற்றம் எப்படி வரும் என்பது தெரியும். ஒரு வீட்டுக்குப் பத்துப் பதினைந்து புள்ளி, அதாவது பங்குள்ள குடும்பம். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில். கல்யாணத்துக்கோ கோயில் காரியத்துக்கோ சனி, ஞாயிறு ஊருக்கு வருகிறார்கள். எல்லோருடைய கையெழுத்தும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் அந்த இரண்டு நாளும் அலுவலகம் பூட்டியிருக்கிறது. திங்கட்கிழமை நீங்கள் வரும்போது அவர்கள் ரயிலேறிவிட்டார்கள். கோப்பு இன்னோர் ஆண்டு தூங்குகிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, பெயர் மாற்றத்துக்கென்று மட்டும் இரண்டு மணி நேரம் இருக்கையில் அமர்வதாக, உங்களால் முடியுமானால் மட்டும், மனுவில் எழுதுங்கள். முகப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டபடி பேரூராட்சியைத் திட்டும் அப்பச்சிகள் நாலு பேர், "இந்தம்மா இருக்கையில வேலை நடக்குது" என்று தலைவரிடம் சொன்னால், உங்கள் அலுவலருக்கு அதைவிடப் பெரிய பரிந்துரை தேவைப்படாது. வீட்டுச் சூழல் இடம் கொடுக்காவிட்டால் இதை எழுத வேண்டாம். ஈடுகட்டிய மூன்று மணி நேரமே போதுமான விலை.

மனுவைச் செயல் அலுவலர் வழியாக மண்டல உதவி இயக்குநருக்கு என்று எழுதுங்கள். அலுவலக நேரம் அரசாணைப்படி அமைந்தது. அதிலிருந்து விலகத் தனியாகக் கையெழுத்துப் போடச் செயல் அலுவலர் தயங்குவதில் தவறில்லை, மேலிடத்துக்குப் பரிந்துரைத்து அனுப்புவதில் அவருக்குச் சிரமமும் இல்லை. மாமியாரின் மருத்துவச் சான்று, பிசியோதெரபிஸ்ட் வரும் நாளும் நேரமும் குறித்த ஒரு சீட்டு, தன்பதிவேட்டுக் கணக்கு, சக ஊழியரின் இணக்கக் கடிதம் ஆகிய நான்கும் இணைப்பாக இருக்கட்டும். வீட்டுக் கஷ்டத்துக்கு மூன்று வரி போதும். மீதிப் பக்கம் முழுவதும் வேலை எப்படித் தடையில்லாமல் நடக்கும் என்பதைப் பற்றியே இருக்க வேண்டும். மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தரும்படி, கடைசி வரியில் பணிவாகக் கேட்டுவையுங்கள். நகலில் தேதியோடு ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தபால் பதிவேடே உங்களிடம் இருப்பதால், உங்கள் மனுவுக்கு நீங்களே எண் போட்டுக்கொள்ளாமல் வேறொருவரைப் போடச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், வரைவைத் தலைமை எழுத்தரிடம் காட்டுங்கள். பணிப் பங்கீட்டுக் குறிப்பை எழுதப்போவது அவர். நீங்கள் பதினொன்றுக்கு வரும் நாளில் ஜன்னலில் கூட்டம் சேர்ந்தால் முதலில் எழுந்து போகப்போகிறவரும் அவர்தான்.